வானின் கொம்பியூட்டரை மாற்றும் முன்

ஓடிக்கொண்டிருக்கும் பழைய வான் திடீரென நிற்கிறது, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்ராட் ஆகிறது என்றால், "எஞ்சின் கொம்பியூட்டர் போய்விட்டது" என்று கராஜில் சொல்லக்கூடும். உடனே தலையாட்டாதீர்கள். பற்றரியின் வலு, எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலுள்ள எர்த் வயர், கொம்பியூட்டர் பிளக்கில் பச்சை பிடித்த பின்கள், இவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் ஒழுங்காகப் போகாவிட்டால் நல்ல கொம்பியூட்டரும் செத்ததுபோலத்தான் நடந்துகொள்ளும்.

உண்மையிலேயே பழுதென்றால், 1990களின் வாகனங்கள் பலவற்றில் குற்றவாளி சின்னஞ்சிறு கொண்டென்சர்தான். மிற்சுபிசி வாகனங்களில் இது பிரசித்தம். அதனுள் இருக்கும் திரவம் மெல்லக் கசிந்து பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். பெட்டியைத் திறந்தால் மீன் வாடைகூட அடிக்கும். அரிப்புப் பரவுமுன் பிடித்தால், இலெக்ட்ரோனிக் வேலை தெரிந்த ஒருவர் சில சில்லறைக் காசுப் பாகங்களோடு திருத்திவிடலாம்.

வாகனம் உடைக்கும் யார்டில் அதே பெட்டி மலிவாகக் கிடைக்கும். அங்கேதான் பலர் காசை விடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 ஒக்ரோபர் முதல் புதிய கார்களுக்கும், கனடாவில் 2007 செப்டெம்பர் முதல் தயாரான கார், சிறிய வான்களுக்கும் இமொபிலைசர் கட்டாயம். அப்படியான பல வாகனங்களில், கொம்பியூட்டர் தனக்குப் பழக்கிய திறப்பை மட்டுமே ஏற்கும். வேறு வானின் பெட்டியைப் போட்டால் ஸ்ராட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அல்லது ஓரிரு செக்கன் ஓடி நிற்கும்.

ஆகவே, பெட்டியில் உள்ள பாக இலக்கம் கடைசி எழுத்துவரை பொருந்தவேண்டும். பழைய பெட்டியின் தரவைப் புதியதற்குப் பிரதி எடுத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பழையது கையில் இருக்கவேண்டும். கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள்.