பழைய வாகனத்தின் பிறேக்கில் காற்று எடுத்தல்

ஒரு வாகனம் ஓடாமல் நின்றுவிட்டால் உழைப்பை இழப்போம். நிற்காமல் ஓடினால் உயிரையே இழப்போம். நெல் மூட்டையும் உரமும் ஏற்றும் அதே வானில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றனர்; நோயாளி வைத்தியசாலைக்குப் போகின்றார். பல குடும்பங்கள் ஒரே வாகனத்தை நம்பியிருக்கும் இடங்களில் அதன் பிறேக் எல்லோருக்கும் பொதுவான பொறுப்பாகும்.

யப்பானில் பாவித்த பின்னர் எமது நாட்டுக்கு வந்த பழைய வான்கள், பிக்கப்கள் சிலவற்றில் ஏ.பி.எஸ். என்னும் பிறேக் முறை உண்டு. அதில் கைவைக்கவே கூடாது என்று சிலர் அஞ்சுகின்றனர். வேறு சிலர் எதையும் யோசியாமல் கழற்றிவிடுகின்றனர். இரண்டும் சரியல்ல. வீட்டில் செய்யக்கூடியது எது, கராஜுக்கு விடவேண்டியது எது என்று அறிந்துகொள்வோம்.

காற்று ஏன் ஆகாது?

சைக்கிள் பம்பின் வாயை விரலால் பொத்திக்கொண்டு அமத்திப் பாருங்கள். உள்ளே காற்று இருந்தால் பிடி ஓரளவு இறங்கும். தண்ணீர் நிரம்பியிருந்தால் அசையாது. பிறேக்கும் இப்படித்தான். ஒயில் சுருங்காது, ஆகவே பாதத்தின் பலம் அப்படியே சில்லுக்குப் போய்ச் சேரும். இடையில் காற்று புகுந்தால் அந்தப் பலம் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகும். பெடல் பஞ்சுபோல் இறங்கும்.

பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் கொதிக்க ஆகக்குறைந்தது 205 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதில் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 பாகையிலேயே கொதித்துவிடலாம். பாரத்துடன் நீண்ட இறக்கத்தில் வரும்போது இவ்வாறு கொதித்தால், ஆவி காற்றைப் போலவே பெடலை இறங்கச் செய்யும். எனவே பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுவது நல்லது. இடப்பெயர்வினால் நெடுநாள் ஓடாமல் நின்ற வாகனமாயின், ஓடிய தூரத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். நின்ற இடத்திலும் ஒயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும்.

ஏ.பி.எஸ். என்றால் என்ன?

1978 இல் பொஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் பென்ஸ் காருக்கு வந்தது. சடுதியாகப் பிறேக் அடிக்கும்போது சில்லு இறுகிச் சறுக்கப் போவதை இது உணர்ந்து, அழுத்தத்தை நொடிக்குப் பல தடவை குறைத்துக் கூட்டும். அவ்வேளை பெடல் காலில் அதிரும், அது பழுதல்ல. இவ்வேலைக்காக மாஸ்டர் சிலிண்டருக்கும் சில்லுகளுக்கும் நடுவே சிறு வால்வுகளும் பம்பும் கொண்ட ஓர் உலோகப் பெட்டி உண்டு. அதற்குள் காற்று புகுந்தால் எளிதில் வெளியேறாது.

சில்லுப் பக்கத்தில் கலிப்பரோ ஹோஸோ மட்டும் மாற்றி, ஒயில் தாங்கி வற்றாமல் இருந்தால் வழமையான முறையே போதும். தாங்கி வற்றியிருந்தால், அல்லது மாஸ்டர் சிலிண்டரோ ஏ.பி.எஸ். பெட்டியோ கழற்றப்பட்டிருந்தால், பல வாகனங்களுக்குக் கணினிக் கருவி தேவைப்படும். அது வீட்டு வேலையன்று.

வேலைக்கு முன்

சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே போகவேண்டாம். உறுதியான முட்டுக் கொடுங்கள். தாங்கியின் மூடியில் எழுதியுள்ள வகை ஒயிலை, உடைக்காத புதிய போத்தலில் வாங்குங்கள். டொட் 5 சிலிக்கன் ஒயில் ஆகாது. எஞ்சின் ஒயிலோ மண்ணெண்ணெயோ ஒரு துளியும் சேரக்கூடாது. உள்ளேயுள்ள றப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

துருப்பிடித்த நிப்பிளைப் பலவந்தமாகத் திருகினால் முறியும். முதல் நாளே துருநீக்கும் எண்ணெய் விட்டு, அளவான ரிங் ஸ்பானரால் மெல்ல அசையுங்கள்.

சில பழைய வாகனங்களில் ஏ.பி.எஸ். உடன் அழுத்தம் சேமிக்கும் உருளையும் உண்டு. திறப்பை நிறுத்தி, பெடலை 40 தடவை மிதித்து அவ்வழுத்தத்தை இறக்காமல் எந்தக் குழாயையும் திறக்கக்கூடாது. இவற்றுக்குக் காற்றெடுக்கும் முறையும் வேறு. உங்கள் வாகனம் இவ்வகையா என்று தெரியாவிட்டால் மெக்கானிக்கைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

செய்யும் முறை

இருவர் வேண்டும். எஞ்சின் நின்றிருக்க வேண்டும்.

1. தாங்கியில் மேற்கோடு வரை ஒயில் விடுங்கள்.

2. வாகனத்தின் கைநூல் கூறும் ஒழுங்கில் தொடங்குங்கள். கைநூல் இல்லையெனில், பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரமான சில்லே முதலாவது: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.

3. நிப்பிளில் தெளிவான சிறு ரியூப்பை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள்.

4. ஆசனத்தில் இருப்பவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்துக்கொண்டு "மிதிச்சாச்சு" என்பார். கீழே இருப்பவர் நிப்பிளை அரைச் சுற்றுக்கு மேற்படாமல் திறப்பார். பெடல் இறங்கும். நிப்பிளை மூடி "பூட்டியாச்சு" என்று சொன்ன பின்னரே காலை எடுக்கவேண்டும். முந்தி எடுத்தால் காற்று மீண்டும் உள்ளே போகும்.

5. குமிழி வருவது நின்று, தெளிந்த ஒயில் வரும்வரை தொடருங்கள். ஐந்து தடவைக்கு ஒருமுறை தாங்கியைப் பாருங்கள். அதை வற்றவிட்டால் வீட்டு வேலை கராஜ் வேலையாகிவிடும்.

பழைய மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதி துருப்பிடித்திருக்கலாம். பெடலை அடிவரை மிதித்தால் உள் றப்பர் அங்கே உரசிக் கிழியும். பெடலின் கீழ் ஒரு பலகைத் துண்டை வைப்பது பாதுகாப்பு.

சோதனை

எஞ்சினை இயக்கிப் பெடலை ஒரு நிமிடம் அமத்திப் பிடியுங்கள். இயக்கும்போது சற்று இறங்குவது இயல்பு. தொடர்ந்து இறங்கினால் கசிவோ சிலிண்டர் பழுதோ உண்டு. பெடல் உறுதியாக இருந்தால் மாத்திரம், ஆளேற்றாமல் வெறுமையான சமதரையில் நடைவேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் அணையாவிட்டால் பெரும்பாலும் சாதாரண பிறேக் பிடிக்கும். ஆனால் சில்லு சறுக்கலாம். சிவப்புப் பிறேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வாகனத்தை எடுக்கவேண்டாம். ஏ.பி.எஸ். இருந்தாலும் கிறவல் றோட்டில் நிற்கும் தூரம் கூடலாம் என்பதையும் சாரதி மறக்கலாகாது.

கழித்த ஒயில் நஞ்சு. அதைக் கிணற்றடியிலோ வயலிலோ ஊற்றாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் போத்தலில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுங்கள். வாகனத்தின் பெயின்ரில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

இவ்வளவும் செய்த பின்னரும் பெடல் பஞ்சுபோல் இருந்தால், "இன்றைக்கு மட்டும்" என்று ஆட்களை ஏற்றவேண்டாம். சந்தைக்கு ஒருநாள் பிந்திப் போகலாம், மூட்டைகள் காத்திருக்கும்.