விமானத்தின் உட்புறத் தகடுகளும் கடற்காற்றும்

திருவனந்தபுரத்தின் மத்திய ரயில் நிலையத்திற்கு எதிரே உள்ளது தம்பானூர் பஸ் நிலையம். நாகர்கோவில், கன்னியாகுமரி செல்லும் வண்டிகள் இங்கிருந்து புறப்படுகின்றன. மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் கடல். இத்தகைய கடலோர ஊர்களில் ஓடும் பழைய பஸ்களின் அலுமினியத் தகடுகளை உற்று நோக்கினால், இரும்புத் திருகாணிகளைச் சுற்றி வெண்ணிறத் தூள் படிந்திருப்பதைக் காணலாம். அலுமினியம் அரிக்கப்படாது என்னும் பொதுக் கருத்து பிழையானது என்பதற்கு இத்தூளே சான்று. பஸ்ஸின் தகடு பழுதுபட்டால் மாற்றிவிடலாம். விமானத்திலோ இஃது உயிரைப் பற்றிய பிரச்சினையாகும்.

1988 ஏப்ரல் 28ஆம் நாள், ஹவாய்த் தீவுகளிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தில், கூரையின் ஒரு பகுதி சுமார் 18 அடி நீளத்திற்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகளில் ஒட்டு விட்டுப்போனதும், அரிப்பும், உலோகச் சோர்வும் காலத்தில் கண்டறியப்படாமல் இருந்தன.

சிறு விமானங்களைத் தாமே பூட்டி அமைப்போரும் இன்று உளர். ஆலப்புழையைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், தென்னாப்பிரிக்காவிலிருந்து உறுப்புகளை வரவழைத்து, இங்கிலாந்தில் தம் கையாலேயே நால்வர் அமரும் ‘ஸ்லிங்’ விமானத்தைப் பூட்டி, 2022இல் அதில் பறந்தார். இவ்வகை உலோக விமானத்தின் இறக்கையைத் தறையாணிகளால் மூடிவிட்ட பின் உட்புறத்தின் பல பகுதிகளுக்குக் கை எட்டாது. ஆகவே உட்பூச்சு வேலை மூடுமுன்பே முடிதல் வேண்டும்.

அலுமினியம் காற்றுப் பட்டவுடன் அதன்மேல் ஆக்ஸைடு படலம் தோன்றுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் அவற்றுள் சில கூறுகளே இதன் கனம். உலோகத்தைக் காப்பது இப்படலமே. எனினும் உப்பு இதனை ஊடுருவவல்லது. மேலும், வலிமைக்காகச் செம்பு கலந்த அலுமினியம் எளிதில் அரிக்கப்படும். ஆதலால் அத்தகைய தகடுகளின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாகப் பொருத்துவதுண்டு.

பூச்சுக்கு முன் செய்ய வேண்டுவன யாவை? முதலில் கரைப்பானில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, ஈரம் காயுமுன் வேறொரு தூய துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். பின்பு நைலான் நாரால் மென்மையாகத் தேய்த்து, பளபளப்பை மட்டும் நீக்க வேண்டும். முரட்டு உப்புத்தாள் தூய அலுமினியப் போர்வையைத் தேய்த்துவிடும். இரும்பு நார் கூடவே கூடாது. அதன் துகள்கள் தகட்டில் பதிந்து அரிப்பை வளர்க்கும். அடுத்து, நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவி, நீரால் அலசி, ரசாயனக் காப்புப் படலம் ஏற்படுத்துவர். உலர்ந்த தகட்டை வெறுங்கையால் தொடலாகாது. இறுதியாக, தயாரிப்பாளர் விதித்த கால வரம்பிற்குள் எபாக்ஸி அடிப்பூச்சைத் தெளிக்க வேண்டும். ஒன்றோடொன்று படியும் முகங்களுக்குத் தறையுமுன் பூசுவது தலையாயது.

பூச்சு மிகுந்தால் காப்பு மிகும் என எண்ணுதல் தவறு. 25 மைக்ரான் கனமுள்ள பூச்சு, சதுர மீட்டருக்குச் சுமார் 35 கிராம் எடையாகும். 60 சதுர மீட்டருக்கு அது 2 கிலோவுக்கு மேல். பூச்சை இரட்டித்தால் சுமையும் இரட்டிக்கும்.

பழைய முறையில் பயன்பட்ட குரோமேட் உப்புகள் புற்றுநோய் விளைவிப்பவை. ஆகவே மாற்றுப் பூச்சுகள் வழக்கிற்கு வந்துள்ளன. எவ்வகைப் பூச்சாயினும் கையுறையும், உரிய முகக் கவசமும், காற்றோட்டமும் இன்றியமையாதன.

தகடு தூய்மையாயிற்றா என்பதை அறியும் சோதனையை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே காட்டலாம். அலுமினியத் தட்டொன்றைச் சோப்பும் நைலான் நாரும் கொண்டு தேய்த்து, சோப்பு எஞ்சாதவாறு அலசி, நீரில் தோய்த்து நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். தூய பரப்பில் நீர் ஒரே படலமாக நிற்கும். பின்பு மாணவர் ஒருவர் தலைமுடியைத் தடவிய விரலால் தட்டைத் தொட்டு, மீண்டும் நீரில் தோய்க்கட்டும். விரல் பட்ட இடத்தில் நீர் விலகித் துளிகளாகப் பிரியும். பூச்சு உரியத் தொடங்குவதும் அத்தகைய இடத்திலேயே.