58 வயதில் ஒரு குட்டி மோட்டார் சைக்கிள்!

"ஏம்மா, பேரன் பேத்தி எடுக்கிற வயசிலே உங்களுக்கு மோட்டார் சைக்கிள் கேக்குதா?" என்று எதிர் வீட்டு அம்மாள் கேட்டார். சிரித்துக் கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது.

எங்கள் வீடு திருவொற்றியூரில். என் வீட்டுக்காரர் இங்கே என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புல்லட்டின் சத்தத்தைக் கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லி விடுவார். அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை நோய் விழித்திரையில் கை வைத்து விட்டது. 2023-ல் டாக்டர், "இனிமேல் நீங்க வண்டி தொடக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டார்.

எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போக மெட்ரோ இருக்கிறது; 2021-லேயே விம்கோ நகர் வரை ரயில் வந்து விட்டது. ஆனால் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு? ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு? விடியற்காலையில் காசிமேட்டுக்கு? எல்லாவற்றுக்கும் ஆட்டோ என்றால் கட்டுப்படியாகுமா? பிள்ளை இருப்பதோ பெங்களூரில். ஆக, வண்டியை எடுக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

எனக்கு வண்டி புதிதல்ல. 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனி என்றால் எல்லாருக்கும் புல்லட்தான் ஞாபகம் வரும். அதே கம்பெனி 1980-களில் 50 சி.சி.யில் எக்ஸ்ப்ளோரர், சில்வர் ப்ளஸ் என்று குட்டி வண்டிகளும் போட்டது. ஒரு சில்வர் ப்ளஸ்ஸில்தான் 1988 முதல் எட்டு வருஷம் நான் ராயபுரத்துக்கு, பள்ளிக்கூட வேலைக்குப் போய் வந்தேன்.

1996-ல் ஒரு நாள் எண்ணூர் விரைவு சாலையில், ஒரு டிரெய்லர் லாரிக்கு இடது பக்கமாகப் போனேன். லாரி இடது புறம் திரும்பியது. முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது, உள்ளே வெட்டிக் கொண்டு வரும் என்பது அன்று எனக்குத் தெரியாது. பதறிப் போய் ஓரத்து மணலில் சாய்ந்தேன். பின்னால் ஏழு வயதுப் பையன்! முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. அன்று சாவியை ஆணியில் மாட்டியவள், 28 வருஷம் எடுக்கவில்லை.

புல்லட் கற்றுக் கொடுத்த பாடம்

"புது வண்டி எதுக்கு? நம்ம புல்லட்டையே ஓட்டேன்" என்றார் இவர். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. எடை 160 கிலோவுக்குக் குறையாது. ஸ்டாண்டிலிருந்து இறக்கினேன். அவ்வளவுதான், வண்டி என்னையும் இழுத்துக் கொண்டு சுவரில் சாய்ந்தது. சத்தம் கேட்டு இவர் ஓடி வந்தார். வண்டி எங்கே, நான் எங்கே என்று தெரியாமல் கையால் துழாவினார். இரண்டு பேருமாக நிமிர்த்தினோம். கொஞ்ச நேரம் சும்மா நின்றவர், "சின்னதா ஒண்ணு பாரும்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை சுலபமாக வந்திருக்காது.

சகோதரிகளே, அன்று எனக்கு ஒன்று விளங்கிற்று. பல வருஷம் கழித்து வண்டி எடுப்பவர்கள், 'ஓட்ட வருமா?' என்றே கவலைப்படுகிறோம். ஓட்டுவது மறப்பதில்லை. நிறுத்த, தள்ள, சாய்ந்தால் தாங்க, இன்று உடம்பில் தெம்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு தேய ஆரம்பிக்கும். நின்ற இடத்தில் வண்டியோடு சாய்ந்தால்கூட மணிக்கட்டு முறியலாம்.

கடையில் இஞ்சினைக் கிளப்பாமலே பாருங்கள்

2024-ல் நான் கடை கடையாக ஏறி, விலை கேட்பதற்கு முன் செய்து பார்த்தவை இவை:

1. உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் ஊன்றுங்கள். நுனி விரல் மட்டும் தொட்டால் அது உங்கள் வண்டியல்ல. பாதி பாதமாவது பதிய வேண்டும்.

2. நடு ஸ்டாண்டு போட்டு, எடுத்துப் பாருங்கள். மூன்று தடவை.

3. இறங்கி நின்று பின்பக்கமாகப் பத்தடி தள்ளுங்கள். நம் சந்துகளில் தினமும் செய்யப் போவது அதுதானே!

4. கிளட்சையும் பிரேக்கையும் இருபது தடவை அழுத்துங்கள். கட்டைவிரல் மூட்டு வலித்தால் யோசிக்க வேண்டும்.

5. பின்னால் உட்காரப் போகிறவரைக் கையோடு அழைத்துப் போய் ஏற்றி இறக்குங்கள். ஏறும்போதுதான் வண்டி ஆடும்.

புது புல்லட் 195 கிலோ. தொட்டுக் கும்பிட்டு விட்டு வந்தேன். ஸ்கூட்டர் சௌகரியம்தான், ஆனால் அதன் 10, 12 அங்குலச் சக்கரம் எங்கள் சாலைக் குழிகளில் இறங்கினால் முதுகு சொல்லும். மோட்டார் சைக்கிளில் 17, 18 அங்குலம். குழியைத் தாண்டி விடும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100, தொண்ணூறு கிலோகூட இல்லை, கிளட்சும் கிடையாது. தனியாகப் போகிறவர்களுக்கு அருமையான வண்டி. இவரோ ஆறடி, பின்னால் உட்கார்ந்தால் கால் மடங்கவில்லை. ஸ்ப்ளெண்டர் ப்ளஸ் 112 கிலோ. ஷைன் 100 என்பது 99 கிலோ. பதின்மூன்று கிலோ என்ன பெரிசு என்று நினைக்காதீர்கள். வண்டியைப் பின்னால் தள்ளியபோது என் இடுப்பு வித்தியாசத்தைச் சொல்லி விட்டது. 99 கிலோவையே எடுத்தேன்.

இன்னொன்று. அந்த நாளில் முன் பிரேக்கைத் தொடவே பயப்படுவோம். உண்மையில் நிற்கும்போது பாரம் முன்னால் சாய்வதால், முன் பிரேக்தான் அதிகம் பிடிக்கும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள வண்டிகளில், பின் பிரேக்கை அமுக்கினாலே முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் வருஷத்தைப் பார்த்து வாங்குங்கள்.

உடம்பும் உரிமமும்

வண்டிக்கு முன்னால் கண் டாக்டரைப் பாருங்கள். புரை ஆரம்பமாகியிருந்தால் இரவில் எதிர் விளக்கு கூசும். கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்க முடிகிறதா? சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து தடவை எழுவது, ரப்பர் பந்தை அமுக்குவது: இரண்டு மாதம் செய்தேன். பலன் தெரிந்தது.

என் லைசென்ஸ் 2008-லேயே காலாவதி. ஒரு வருஷத்துக்கு மேல் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். 40 வயதுக்கு மேல் டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டும். பையன்களுக்கு நடுவில் நின்று '8' போட்டேன். கால் ஊன்றவில்லை!

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே

எங்கள் பக்கம் துறைமுகத்து லாரிகள் ஓயாது. நான் வைத்திருக்கும் விதி இரண்டு. லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் எனக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நான் தெரியவில்லை. லாரியின் இடது பக்கம் நுழைவதே இல்லை. பின்னால் தள்ளி நிற்பேன். ஐந்து நிமிஷம் போனால் போகட்டும்.

ஒரு மாதம் ஞாயிறு காலைகளில் தனியாக ஓட்டிப் பழகிய பிறகுதான் இவரை ஏற்றினேன். கம்பியைப் பிடித்துக் கொண்டு தேரடி வரை வாயே திறக்கவில்லை. அப்புறம், "தேர்டு போடு, இஞ்சின் முனகுது" என்றார். போட்டேன். வீட்டு வாசலில் இறங்கி, "சத்தம் சுத்தமா இருக்கு" என்றார். எனக்கு அது போதும்.

இப்போது வண்டியைப் பராமரிப்பது அவர்தான். கடல் காற்றின் உப்பு செயினையும் இரும்பையும் அரிக்கும்; நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் தினமும் துடைக்க வேண்டும். அதற்குக் கண் எதற்கு? விரலாலேயே துரு எங்கே என்று கண்டுபிடித்து விடுகிறார்.

போன வாரம் எதிர் வீட்டு அம்மாள் மெதுவாக வந்தார். "காசிமேடு போறப்ப என்னையும் ஏத்திக்கிறீங்களா?"

"பேஷா வாங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, பின்னால உக்கார்றவங்களுக்கும் கட்டாயம்" என்றேன். வாங்கி விட்டார்!