பழைய செய்தித்தாளிடம் கேள்வி கேட்கப் பழக்குவோம்



ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சிங்கப்பூரில் அச்சான செய்தித்தாள் ஒன்றின் படியை மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். 1942 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2602 என்று இருப்பதைக் கண்டால், “அச்சுப் பிழையா?” என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அது ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக் கணக்கு. சிங்கப்பூரைச் சியோனான் ஆக்கியவர்கள் நாள்காட்டியையும் விட்டுவைக்கவில்லை.

இப்படி அந்தந்தக் காலத்திலேயே தோன்றிய செய்தித்தாள், வார மாத இதழ், விளம்பரம், கடிதம், ரூபாய் நோட்டு, அவற்றோடு நேரில் கண்டவரின் வாய்மொழி ஆகியவற்றை முதல்நிலை ஆதாரங்கள் என்கிறோம். வரலாறு, சமூகவியல் பாடநூல்கள் இவற்றைப் படித்துப் பின்னால் வந்தவர்கள் எழுதிய சுருக்கமே.

பழைய தாளில் இருப்பதெல்லாம் உண்மை என்று மாணவர் நம்பிவிடக் கூடாது. பிரிட்டிஷார் 15.2.1942 அன்று சரணடைந்தனர். ஐந்தே நாளில், ஜப்பானியர் கட்டுப்பாட்டில் சியோனான் டைம்ஸ் வெளிவந்தது. அதில் ஆட்சியாளரைக் குறைகூறும் செய்தியைத் தேடினால் கிடைக்குமா? எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்க வேண்டும். செய்தியை நகலெடுத்துக் கொடுத்து, “முக்கியக் கருத்து என்ன?” என்று மட்டும் கேட்பது வெறும் கருத்தறிதல் பயிற்சிதான்.

பக்கத்திலேயே ஒரு ‘வாழைமர நோட்டை’ வையுங்கள். பல வீடுகளில் பழைய பெட்டிக்குள் இன்னும் கிடக்கும். பெரும்பாலான பத்து வெள்ளி நோட்டுகளில் எழுத்துகள் இருக்கும். வரிசை எண் இருக்காது. ஏன்? எத்தனை அச்சடித்தோம் என்ற கணக்கே இல்லாமல் அச்சடித்தார்கள். விலைவாசி ஏறிய கதையை அந்தத் தாளே சொல்லிவிடும்.

எழுதிய ஆதாரமே இல்லாதவர்களை என்ன செய்வது? சயாம்-பர்மா ரயில் பாதையை நினைத்துப் பாருங்கள். சுமார் 415 கிலோமீட்டர் நீளம். 1942, 1943 ஆம் ஆண்டுகளில் போடப்பட்டது. ஏறத்தாழ 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் ஒளித்து வைத்து நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் சுமார் 7,000 பேருக்குக் கல்லறைகள் இருக்கின்றன.

மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களோ பல்லாயிரம் பேர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர் தொகை, கைதிகளில் இறந்தவர் தொகையைவிடப் பல மடங்கு. சரியான கணக்கு எவரிடமும் இல்லை. பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். நாட்குறிப்பு இல்லை, பெயர் பொறித்த கல் இல்லை. 1957-இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தின் கதையும் போர்க்கைதிகளைச் சுற்றியே போகிறது. (படம் எடுக்கப்பட்டது இலங்கையில்!) அந்தப் படத்தைக் காட்டி, “இதில் யாரைக் காணோம்?” என்று கேட்டுப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு அது நல்ல கேள்வி.

காணாமல் போனவர்களைத் தேட வாய்மொழியே வழி. சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் 1979-இல் தொடங்கின. ஜப்பானியர் காலம் பற்றிய நேர்காணல்கள் அங்கே நிறைய உண்டு. தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பழைய செய்தித்தாள்களை வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே இருக்கின்றன. மலேசியாவில் 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனின் பழைய பிரதி யார் வீட்டிலாவது இருந்தால், தயவுசெய்து நாசி லெமாக் மடிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

1942-இல் பத்து வயதாக இருந்த பாட்டி இன்று தொண்ணூறைத் தாண்டியவர். பள்ளி விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டாம். பேரப்பிள்ளையை அவர் பக்கத்தில் உட்கார வைத்துக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாட்டி ஆண்டுகளை மாற்றிச் சொல்லலாம். குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம், பிறகு செய்தித்தாளோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம். எந்தத் தோட்டம், எந்த லயம், யார் யார் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்று கேட்கட்டும். பதிவின் தொடக்கத்தில் நாளையும் பாட்டியின் பெயரையும் சொல்ல மறக்க வேண்டாம்.