வேலை வராத நாளுக்குச் சட்டத்தில் பெயரில்லை

புது தில்லி: தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் பணி நீக்கம் செய்யப்பட்டால் அதற்கு ஒரு தேதி உண்டு, ஓர் ஆணை உண்டு, வழக்குத் தொடுக்க ஒரு தொழிலாளர் நீதிமன்றமும் உண்டு. பெங்களூரு ஜோகுபாளையத்தில் வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டிருப்பவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. இந்த வாரம் நான்கு ரவிக்கைகள் வரும். அடுத்த வாரம் ஒன்று வரும். அதற்கடுத்த வாரம் எதுவும் வராது. அவரை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆகவே, சட்டத்தின் பார்வையில் அவர் வேலை இழக்கவும் இல்லை.

இது ஒரு தெருவின் பிரச்னை அல்ல. மத்திய அரசின் தொழிலாளர் ஆய்வறிக்கைகளின்படி, நாட்டில் வேலை செய்வோரில் சுயதொழில் செய்வோரின் பங்கு 2017-18-இல் 52.2 சதவீதமாக இருந்தது. 2023-24-இல் அது 58.4 சதவீதமாக உயர்ந்தது. குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோரும் இக்கணக்கில் அடக்கம். சுயதொழில் பெருகுவதை ஆளுங்கட்சியினர் தொழில்முனைவின் வளர்ச்சி என்கின்றனர். சம்பள வேலை கிடைக்காததன் அடையாளம் என்கின்றனர் எதிர்க்கட்சியினர். வருமானம் நின்றுபோகும் மாதத்தில் இவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியை இரு தரப்பும் அதிகம் எழுப்புவதில்லை.

ஆஷாடமும் ஆடியும்

அல்சூருக்கும் இந்திராநகருக்கும் இடையே அமைந்த ஜோகுபாளையம், பழைய கண்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்தது. 1809-இல் ஆங்கிலேயர் இங்கு படைமுகாம் அமைத்தபோது, சென்னை மாகாணப் படையைப் பின்தொடர்ந்து சிப்பாய்களும் கொத்தனார்களும் சமையல்காரர்களும் வணிகர்களும் வந்தனர். அவர்களின் வழித்தோன்றல்களும், பின்னாளில் வட தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் சேர்ந்ததுதான் அல்சூரைச் சுற்றியுள்ள தமிழர் வாழ்வு. திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுக்காலம் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்ட் 9-இல் திறக்கப்பட்ட அல்சூர் ஏரிக்கரையும், பெங்களூர் தமிழ்ச் சங்கமும் இதன் அருகில்தான் உள்ளன.

ஆட்டோ ஓட்டுவது, துணி தைப்பது, சலவை செய்து இஸ்திரி போடுவது, பூ கட்டி விற்பது, பந்தல் அமைப்பது, மின்சார வேலை, குழாய் வேலை என இங்குள்ள தொழில்களில் பல, முதலாளி இல்லாதவை. இரு மொழியினர் சேர்ந்து வாழும் ஊர் என்பதால் மந்த காலமும் இரு மடங்கு. கன்னடர்களின் ஆஷாட மாதத்தில் திருமணங்கள் நடைபெறா. அது முடிவதற்குள் தமிழர்களின் ஆடி பிறந்துவிடும். ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பந்தல்காரருக்கும் நாகஸ்வரக் கலைஞருக்கும் ரவிக்கை தைப்பவருக்கும் கை கட்டிய காலம். பள்ளிக் கட்டணமும் புத்தகச் செலவும் வருவதோ அதற்குச் சற்று முன்பு.

இந்த மந்தம் எதிர்பார்த்து வருவது. அதற்கு மாதச் சீட்டு உண்டு. தை, மாசியில் எடுத்து வைத்த பணம் உண்டு. எதிர்பாராமல் வருவதுதான் குடும்பத்தைச் சாய்க்கிறது. அதற்குக் காரணம் சில வேளைகளில் நோய். சில வேளைகளில் அரசே.

பெங்களூரு மெட்ரோவின் முதல் தடம் பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. சாலைக்கும் இடையே 2011 அக்டோபர் 20-இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஜோகுபாளையத்தை ஒட்டிய சி.எம்.எச். சாலை வழியே அத்தடம் செல்வதை எதிர்த்து வணிகர்கள் போராடினர்; உயர் நீதிமன்றம் வரை சென்றனர். நிலம் எடுக்கப்பட்டால் இழப்பீடு கேட்கச் சட்டம் இருக்கிறது. அதே சாலையின் நடைபாதையில் தள்ளுவண்டி நிறுத்தியவர் இழந்தது நிலம் அல்ல, வாடிக்கையாளர்களை. அந்த இழப்புக்குக் கணக்கும் இல்லை, கோரிக்கை மனுவுக்குப் படிவமும் இல்லை.

2023 ஜூன் 11-இல் கர்நாடக அரசு, அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை 'சக்தி' திட்டமாகத் தொடங்கியது. வீட்டு வேலைக்குச் செல்லும் ஜோகுபாளையப் பெண்ணுக்கு அது மாத வருமானத்தில் மிச்சம். அவரை ஏற்றிச் சென்ற ஆட்டோக்காரருக்கு அது இழப்பு. இருவரும் ஒரே வீட்டில் இருக்கவும் கூடும். இழப்பீடு உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகத் தனியார் போக்குவரத்துச் சங்கங்கள் 2023 செப்டம்பர் 11-இல் பெங்களூருவில் முழு அடைப்பு நடத்தின. திட்டம் நல்லதா, கெட்டதா என்பதல்ல இங்கு கேள்வி. நல்ல திட்டமே ஒருவரின் பிழைப்பைக் குறைக்கும்போது, அதைப் பதிவு செய்யக்கூட ஓர் ஏற்பாடு இல்லை.

7.75 லட்சம், 2.10 லட்சம்

கரோனா பொது முடக்கத்தின்போது இந்த வெற்றிடம் வெளிச்சத்துக்கு வந்தது. 2020 மே 6-இல் அன்றைய முதல்வர் எடியூரப்பா ரூ.1,610 கோடி நிவாரணத் தொகுப்பை அறிவித்தார். 2.30 லட்சம் முடிதிருத்துவோர், 60 ஆயிரம் சலவைத் தொழிலாளர்கள், 7.75 லட்சம் ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநர்கள் ஆகியோருக்கு ஒரு முறை உதவியாகத் தலா ரூ.5,000 என்றது அறிவிப்பு. நாட்டின் பல மாநிலங்கள் அரிசி, பருப்போடு நின்றுகொண்ட நேரத்தில், சுயதொழிலாளர்களைத் தொழிலின் பெயர் சொல்லி அழைத்துப் பணம் தர முன்வந்த அறிவிப்பு அது. அந்த அளவில் பாராட்டுக்குரியது.

மறு ஆண்டு இரண்டாம் அலை. 2021 மே 19-இல் ரூ.1,250 கோடி தொகுப்பு அறிவிக்கப்பட்டது. இம்முறை ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநர்களுக்குத் தலா ரூ.3,000, பயனாளிகள் 2.10 லட்சம் பேர். முடிதிருத்துவோர், சலவைத் தொழிலாளர், தையல்காரர், சுமை தூக்குவோர், மெக்கானிக், வீட்டு வேலை செய்வோர் என எல்லோரும் ஒரே பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்குத் தலா ரூ.2,000, மொத்தம் சுமார் 3 லட்சம் பேர்.

ஓராண்டில் மாநிலத்தின் ஓட்டுநர்கள் 7.75 லட்சத்திலிருந்து 2.10 லட்சமாகக் குறைந்துவிடவில்லை. முதல் எண், அரசு உத்தேசித்தவர்கள்; இரண்டாவது எண், அரசால் கண்டடையக் கூடியவர்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. ஓட்டுநருக்காவது உரிமமும் வாகன எண்ணும் உண்டு. தையல்காரர், தாம் தையல்காரர் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பார்?

நகையே காப்பீடு

அரசு கண்டுகொள்ளாத மாதத்தைக் குடும்பங்கள் கடக்கும் வழி, தமிழர் வாழும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதலில் சீட்டுப் பணம். பிறகு காதில், கழுத்தில் இருப்பது. அதன்பின் வாரத் தவணைக் கடன். கடைசியில், பெங்களூருவாசிகள் 'மீட்டர் வட்டி' என்று அழைக்கும் கடும் வட்டி.

இவற்றுள் கௌரவமான வழி நகைக் கடன்தான். 2020 ஆகஸ்ட் 6-இல் ரிசர்வ் வங்கி, வங்கிகள் வழங்கும் விவசாயம் சாராத நகைக் கடனின் உச்சவரம்பை நகை மதிப்பில் 75 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக, 2021 மார்ச் 31 வரை உயர்த்தியது. வேலையின்மைக் காப்பீடு இல்லாத நாட்டில் தாலிக்கொடியே அந்தக் காப்பீடு என்பதை மத்திய வங்கியே ஒப்புக்கொண்டது போல் இருந்தது அது.

2025 ஏப்ரலில் வெளியான நகைக் கடன் வரைவு விதிகள், நகைக்கான உரிமைச் சான்று உள்ளிட்ட நிபந்தனைகளை விதித்தபோது தமிழகத்தில் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. முதல்வர் மு.க. ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். சிறு கடன்களுக்கு விலக்கு அளிக்குமாறு நிதி அமைச்சகமே ரிசர்வ் வங்கிக்கு யோசனை தெரிவிக்க நேர்ந்தது. ஜூன் 6-இல் வெளியான இறுதி விதிகளில், ரூ.2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை வழங்க அனுமதிக்கப்பட்டது. தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்று நிறைவேறியபோது காணப்படாத கொந்தளிப்பு நகைக் கடன் விதிக்கு எழுந்ததில் வியப்பில்லை. மக்கள் எதை நம்பி வாழ்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வாரத் தவணைக் கடனின் முடிவு எப்படியிருக்கும் என்பதையும் கர்நாடகம் கண்டது. வசூல் நெருக்கடியால் தற்கொலைகள் நிகழ்ந்ததாகப் புகார்கள் குவிந்ததையடுத்து, மாநில அரசு 2025 தொடக்கத்தில் அவசரச் சட்டம் கொண்டு வந்தது. பத்தாண்டு வரை சிறை, ரூ.5 லட்சம் வரை அபராதம் என்ற தண்டனை மிகையானது என ஆளுநர் தாவர்சந்த் கெலாட் முதலில் திருப்பி அனுப்பினார். பின்னர் பிப்ரவரி 12-இல் ஒப்புதல் அளித்தார். மிரட்டி வசூலிப்பவரைத் தண்டிக்க அது உதவலாம். கடன் வாங்கும் நிலைக்குத் தள்ளிய வேலையில்லா மாதம் அச்சட்டத்தின் வரம்புக்குள் இல்லை.

மத்திய அரசு அளித்த உதவியும் பெரும்பாலும் கடன் வடிவிலேயே வந்தது. 2020 ஜூனில் அறிவிக்கப்பட்ட 'பி.எம். ஸ்வநிதி', சாலையோர வியாபாரிகளுக்கு முதலில் ரூ.10,000 கடன் தந்தது. 2025 ஆகஸ்டில் அது ரூ.15,000 ஆக உயர்த்தப்பட்டு, திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினால் அடுத்த கடன், வட்டி மானியம் என நல்ல அம்சங்கள் அதில் உண்டு. ஆனால் கடன் என்பது நாளை வியாபாரம் நடக்கும் என்பவருக்கு உதவுவது. வியாபாரமே இல்லாதவர் அதை வாங்கினால் வீட்டு வாடகைக்குத்தான் போகும்.

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடன் தவணைகளை ஒத்திவைக்க அனுமதிக்கப்பட்டபோதும் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் பெருநிறுவன அதிபர் அல்லர். ஆக்ராவில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் ஒரு சுயதொழிலாளி. வட்டியை முழுமையாகத் தள்ளுபடி செய்ய 2021 மார்ச் 23-இல் மறுத்த நீதிமன்றம், வட்டிக்கு வட்டி மட்டும் கூடாது என்றது.

ஐந்தாவது இனம்

வேலையின்மையின்போது அரசு உதவி என்பது புதிய கோரிக்கை அல்ல. பொருளாதார வலிமைக்கு உட்பட்டு, வேலையின்மை, முதுமை, நோய் ஆகிய நிலைகளில் உதவி பெறும் உரிமைக்கு அரசு வழிவகுக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 41-ஆவது பிரிவு. அந்த மூன்றில் முதுமைக்கும் நோய்க்கும் திட்டங்கள் வந்துவிட்டன. வேலையின்மைக்கு வந்தது இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற ஊழியர்களுக்கு மட்டுமே. 2018-இல் தொடங்கிய 'அடல்' காப்பீட்டாளர் நலத் திட்டத்தில், வேலை இழந்தவருக்கு 90 நாள் வரை சராசரி ஊதியத்தின் 25 சதவீதம் தரப்பட்டது. 2020-இல் அது 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. முதலாளி இல்லாதவர் அதன் வாசலைக்கூட மிதிக்க முடியாது.

அமைப்புசாரா தொழிலாளர்களுக்கான முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2008-இல் நிறைவேறியது. அப்போது தொழிலாளர் துறை இணையமைச்சராகத் தனிப்பொறுப்பு வகித்தவர் கர்நாடகத்தைச் சேர்ந்த ஆஸ்கர் பெர்னாண்டஸ். அச்சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 செப்டம்பர் 22-இல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. வேளாண் மசோதா அமளியில் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் மாநிலங்களவையைப் புறக்கணித்திருந்தன. நாட்டின் கோடிக்கணக்கான அமைப்புசாரா தொழிலாளர்களுக்கான சட்டம், எதிர்த்துப் பேசவும் திருத்தம் கோரவும் வேண்டியவர்கள் இல்லாத அவையில் நிறைவேறியது. 2025 நவம்பர் 21-இல் அது நடைமுறைக்கு வந்தது.

அதன் 109-ஆவது பிரிவைப் படித்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசு வகுக்க வேண்டிய திட்டங்கள்: ஆயுள், ஊனக் காப்பீடு, உடல்நலம், மகப்பேறு, முதுமைக்காலப் பாதுகாப்பு, கல்வி, மத்திய அரசு முடிவு செய்யும் வேறு எந்தப் பயனும். மாநில அரசின் பட்டியலில் வைப்பு நிதி, பணியிடக் காயம், வீட்டு வசதி, குழந்தைகளின் கல்வி, திறன் மேம்பாடு, ஈமச்சடங்கு உதவி, முதியோர் இல்லம் ஆகியவை உள்ளன. சுயதொழிலாளி இறந்தால் ஈமச்சடங்குக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உயிரோடு, உடல்நலத்தோடு, வேலை மட்டும் இல்லாமல் இருந்தால் இடமில்லை.

ஆட்டோ ஓட்டுநரின் நிலை இன்னும் விசித்திரமானது. செயலி வழியே வரும் பயணியை ஏற்றினால் அவர் 'கிக்' தொழிலாளி. 2025-இல் கர்நாடகம் இயற்றிய தனிச் சட்டத்தின்படி அவருக்காக நிறுவனம் நல நிதிக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். அல்சூர் சந்தை வாசலில் கைகாட்டியவரை ஏற்றினால் அவர் வெறும் சுயதொழிலாளி. நிதிக்குப் பணம் செலுத்த அங்கே ஆளில்லை.

சுயதொழிலாளியின் வருமான இழப்பை எப்படி அளப்பது, பொய்யாகக் கேட்பவரை எப்படித் தடுப்பது என்பது அதிகாரிகள் வழக்கமாக முன்வைக்கும் தடை. அது நியாயமான கேள்விதான். 2020 மேயில் பிரிட்டன், சுயதொழில் செய்வோருக்கு முந்தைய ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 80 சதவீதத்தை மூன்று மாதங்களுக்குக் கணக்கிட்டு, அதிகபட்சம் 7,500 பவுண்டு முதல் தவணையாக வழங்க முடிந்தது. வருமான வரிக் கணக்கு கைவசம் இருந்ததே காரணம். கணக்கு இல்லாத புதியவர்கள் அங்கும் விடுபட்டனர். தொழில் மூட நேர்ந்தவர்களுக்கு மாதம் சுமார் 800 யூரோ வீதம் ஆறு மாதம் வழங்கும் திட்டத்தை பிரான்ஸ் 2019 நவம்பரில், அதாவது தொற்றுக்கு முன்பே, தொடங்கியிருந்தது. தென் கொரியாவில் 2012 முதல் சுயதொழிலாளர் விரும்பினால் வேலைக் காப்பீட்டில் சேரலாம்.

இந்தியாவில் அத்தகைய பதிவேடு இல்லை என்று இனியும் கூற இயலாது. 2021 ஆகஸ்ட் 26-இல் தொடங்கப்பட்ட 'இ-ஷ்ரம்' தளத்தில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் தொழில், ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களைத் தந்து பதிவு செய்துள்ளனர். 2022 நிலவரப்படி, பதிவு செய்தோரில் 94 சதவீதத்துக்கும் அதிகமானோர் தங்கள் மாத வருமானம் ரூ.10,000 அல்லது அதற்கும் குறைவு என்று தெரிவித்திருந்தனர். பெயர் இருக்கிறது, தொழில் இருக்கிறது, பணம் அனுப்பக் கணக்கும் இருக்கிறது. எதற்காக அனுப்புவது என்ற தலைப்பு மட்டும் இல்லை.

கர்நாடக அரசு 2023 ஆகஸ்ட் 30-இல் தொடங்கிய 'கிருஹலட்சுமி' திட்டம், குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ரூ.2,000 என வகுக்கப்பட்டது. வேலையின்மைக்காக வந்த திட்டம் அல்ல அது. ஆயினும் ஆடி மாதத்தில் இயந்திரம் ஓடாத தையல்காரர் வீட்டில் அரசின் பெயரில் வரும் பணம் அதுதான். மனைவியின் கணக்கில், வேறொரு காரணத்துக்காக. 'மத்திய அரசு முடிவு செய்யும் வேறு எந்தப் பயனும்' என்ற அந்த ஐந்தாவது இனமோ 2008-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே சொற்களில்தான் இருந்தது.