திருவிடந்தையில் ஜப்பான் கச்சேரி

திருவிடந்தை என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? பெண்ணுக்கு வரன் தட்டிப் போகிறதே என்று கவலைப்படும் வீடாக இருந்தால், நித்திய கல்யாணப் பெருமாள் சந்நிதியும், கழுத்தில் மாலையோடு ஒன்பது முறை சுற்றி வருவதும் நினைவுக்கு வரும். என் தோழி ஒருத்திக்கோ, போன டிசம்பரில் திருவிடந்தை என்று யாராவது சொன்னாலே வயிற்றைக் கலக்கியது. காரணம் கல்யாணம் அல்ல, பாட்டு!

அவளுக்கு ஒரகடம் பக்கத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியில் உத்தியோகம். ஜப்பானியர் டிசம்பர் மாதத்தில் காரியாலயத்தோடு கூடி விருந்து சாப்பிடுவார்கள். அதற்கு 'போனென்காய்' என்று பெயர். 'வருஷத்தை மறக்கும் கூட்டம்' என்று அர்த்தம். விருந்து என்றால் பாட்டு உண்டு. பாட்டு என்றால் கரோக்கி உண்டு. திருவிடந்தைக் கடலோரத்தில் ஒரு விடுதியை ஏற்பாடு செய்துவிட்டு, மானேஜர் இவளைக் கூப்பிட்டு, "நீங்கதானே ஜப்பான் பாஷை படிச்சவங்க! பாட்டெல்லாம் நீங்களே பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். ஜப்பானியர் ஒரு பத்துப் பேர், நம்மவர் அறுபது பேர். இரு தரப்பும் ரசிக்க வேண்டும். எப்படி இருக்கிறது கதை!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண்ணோ மருமகளோ இருக்கலாம். அதனால்தான் அவள் பட்ட பாட்டைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்கிறேன்.

'கர' என்றால் வெறுமை; 'ஓகே' என்பது 'ஆர்க்கெஸ்ட்ரா'வின் சுருக்கம். பக்கவாத்தியம் இருக்கும், பாடகர் இருக்க மாட்டார். அந்த இடத்தில் நாம் நின்று பாட வேண்டும். இது பிறந்ததே ஒரு காரியாலய உல்லாசப் பிரயாணத்தால்தான் என்றால் நம்புவீர்களா? கோபே நகரத்து மதுக்கடைகளில் வாடிக்கைக்காரர்கள் பாட, கூட வாசித்துப் பிழைத்தவர் டைஸுகே இனோவுயே. ஒரு கம்பெனி முதலாளி, தம் ஆட்களோடு வெந்நீர் ஊற்றுக்குப் போகும்போது இவரையும் வாசிக்க அழைத்தார். இவருக்குப் போக முடியவில்லை. வாசித்ததை நாடாவில் பதிவு செய்து கொடுத்தனுப்பினார். அந்த யோசனை 1971-ல் இயந்திரமாயிற்று. அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கோடீசுவரர்! 2004-ல் 'இக் நோபல்' என்ற வேடிக்கைப் பரிசு மட்டும் கிடைத்தது, மனிதர் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புது வழி காட்டினார் என்பதற்காக. காரியாலயக் கச்சேரிகளைக் கேட்டவர்களுக்கு அது வேடிக்கையாகவே தோன்றாது.

தோழி முதலில் செய்த தப்பு, தனக்குப் பிடித்த பாட்டுக்களைப் பொறுக்கியதுதான். எல்லாம் இந்தக் காலத்துப் பாட்டு. மூச்சு விட இடமில்லாத வேகம். ஒருவர் பாட, மற்ற அறுபத்தொன்பது பேர் பிரியாணித் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். "உங்க பாட்டி ஜானகியா இருந்தால் சரி. இல்லேன்னா கச்சேரி கேட்கிற பாட்டியை நினைச்சுப் பொறுக்குடி" என்று நான் சொன்னேன். அதற்கப்புறம்தான் அவளுக்கு வழி பிறந்தது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் வகுத்தாரே கச்சேரிப் பத்ததி, அதே மாதிரி அடுக்கினாள்.

முதலில் வர்ணம். 'ஷியவஸே நரா தே ஓ ததகோ' என்று 1964-ல் க்யூ ஸகமோட்டோ பாடிய பாட்டு. சந்தோஷமாக இருந்தால் கையைத் தட்டு என்று அர்த்தம். நம் கான்வென்ட் குழந்தைகள் இங்கிலீஷில் கை தட்டிப் பாடுகிறார்களே, அதே மெட்டு! பாஷை தெரியாவிட்டால் என்ன, கை தட்டத் தெரியாதா? நடுவில் கனமாக ஒன்று: மிஸோரா ஹிபாரி 1989-ல், தாம் மறைந்த வருஷத்தில், வெளியிட்ட 'கவா நோ நகரே நோ யோ நீ'. நதியின் ஓட்டம்போல என்று பொருள். ஜப்பானில் தாத்தா முதல் பேரன் வரை அறிந்த பாட்டு. அப்புறம் துக்கடா: 2013-ல் ஏ.கே.பி. 48 பெண்கள் ஆடிப் பாடிய ஃபார்ச்சூன் குக்கிப் பாட்டு. அதற்கு ஜப்பானில் காரியாலயம் காரியாலயமாக ஆடிப் படம் பிடித்தார்கள். நம் தரப்புக்கு 'முத்து' படப் பாட்டு. 1998-ல் அந்தப் படம் டோக்கியோவில் மாதக்கணக்கில் ஓடியதை மறக்கலாமா? ரஜினிகாந்தை அறிந்த ஜப்பானியரும் தாளம் போடுவார்கள்.

ஒன்றை மட்டும் இடையில் வைக்கக் கூடாது. 'ஹொதரு நோ ஹிகரி' என்ற பாட்டு. அந்த மெட்டைக் கேட்டால் ஜப்பானியருக்குக் கடை மூடுகிறார்கள், வீட்டுக்குப் போகலாம் என்று ஞாபகம் வரும். நம் பாஷையில் மங்களம்! சாப்பாடு வருமுன் மங்களம் பாடினால் என்ன ஆகும்?

சுருதி விஷயம் சின்னதுதான். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு ஒரு கட்டைப் பாட்டைக் கொடுக்காதீர்கள். இயந்திரத்தில் கட்டையை ஏற்றி இறக்கப் பொத்தான் இருக்கிறது. முதல் நாளே பாடிப் பார்த்து எண்ணைக் குறித்து வையுங்கள்.

சாகித்தியத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதாதீர்கள், தமிழில் எழுதுங்கள். குறில் நெடில் நமக்குச் சுத்தமாக வரும். அது ஜப்பானியத்துக்கு உயிர்! 'ஒபஸன்' என்றால் அத்தை. 'ஒபாஸன்' என்றால் பாட்டி. மேலதிகாரியின் மனைவியை ஒரு நெடிலால் பாட்டியாக்கிவிட்டால் யார் பதில் சொல்வது? ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி வரும் இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியல் முடிந்தது. கனமான உருப்படிக்கு இணையாக இன்னொன்றும் சேர்த்திருந்தாள். 2000-ல் 'ஸதர்ன் ஆல் ஸ்டார்ஸ்' குழுவினர் பாடி, அவ்வருஷத்து ஜப்பான் ரிகார்டுப் பரிசையும் பெற்ற காதல் பாட்டு. கரோக்கியில் எடுபடும் பாட்டு எது என்று யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பட்டியலை ஜப்பானிய மூத்த இஞ்சினீயர் ஒருவரிடம் காட்டினாள். அவர் ஸெண்டாய் பக்கத்துக்காரர். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், இந்தப் பெயரில் நின்றார். பென்சிலை எடுத்து மெல்லிசாக ஒரு கோடு போட்டார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

பாட்டின் பெயர் 'சுனாமி'.

2011 மார்ச் 11-க்குப் பிறகு ஜப்பானிய வானொலியில் அந்தப் பாட்டை ஒலிபரப்பத் தயங்கினார்கள் என்பது தோழிக்கு அப்புறம்தான் தெரிந்தது. பாட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. காதலில் தனிமை அலையாகப் பொங்குகிறது என்கிறார்கள், அவ்வளவே. ஆனால் அவள் தலையில் இடி விழுந்தது அதனால் அல்ல. விருந்து நடக்கப் போவது திருவிடந்தைக் கடற்கரையில், டிசம்பர் மாதத்தில். 2004 டிசம்பர் 26 காலையில் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் கடல் புகுந்ததை இந்தக் கரையில் யார் மறந்திருக்கிறார்கள்? விடுதியில் தட்டு எடுக்கும் பையன்களில் பாதிப்பேர் பக்கத்துக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கையில், மைக்கில் அந்த வார்த்தையை மறுபடி மறுபடி...! "அந்தப் பத்து ஜப்பான்காரரையும் நினைச்சேன், நம்ம அறுபது பேரையும் நினைச்சேன். அவங்களை நினைக்கலையே" என்றாள்.

அந்த இடத்தில் 'உயே ஓ முயிதே அருகோ'வை வைத்தாள். 1961-ல் ஸகமோட்டோ பாடியது. கண்ணீர் சிந்தாதிருக்க மேலே பார்த்துக்கொண்டே நடக்கிறவனின் பாட்டு. 1963-ல் அமெரிக்காவில் முதல் இடத்தைப் பிடித்தபோது, அங்கே அதற்கு 'ஸுகியாகி' என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு மாட்டிறைச்சிப் பண்டம்! நம் சோகப் பாட்டு ஒன்றுக்கு 'வத்தக்குழம்பு' என்று பெயர் சூட்டினாற்போல. பாடியவர் 1985 ஆகஸ்டு 12-ல், 520 பேரைப் பலிகொண்ட விமான விபத்தில் மாண்டார். அதனால் ஜப்பானியர் அதைச் சும்மா கேட்பதில்லை.

விருந்தன்று அந்த ஸெண்டாய்க்காரர்தான் அதைப் பாடினார். குரல் சுமார்தான். நடுவில் பாட்டு நின்று சீட்டி மட்டும் வரும் இடம் ஒன்று உண்டு. அவருக்குச் சீட்டியடிக்க வரவில்லை. உதட்டைக் குவித்தார், காற்றுதான் வந்தது. எல்லாரும் சிரிக்க ஆரம்பிப்பதற்குள், பின்னால் பாத்திரங்கள் வைக்கும் மேஜைப் பக்கத்திலிருந்து சுருதி பிசகாமல் சீட்டி கேட்டது. ஒத்திகையை இரண்டு தடவை கேட்டிருந்த விடுதிப் பையன்!

இஞ்சினீயர் திரும்பிப் பார்த்து, இடுப்பு வளைய ஒரு வணக்கம் வைத்தார். பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையிலிருந்த ஜக்கைக் கீழே வைத்துவிட்டு அவனும் குனிந்தான். அப்புறம் இரண்டாவது தடவையும் சீட்டி அவன்தான்.