தூக்க மாத்திரையை விடுவது எப்படி?

இரவு செபம் முடிந்ததும் தலையணைக்கு அருகிலுள்ள சிறு டப்பாவைத் திறந்து, ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டே படுக்கச் செல்லும் பெரியவர்கள் நம் இல்லங்களில் பலர் உளர். துணையை இழந்த துயரிலோ, மகளின் திருமணக் கவலையிலோ, இரண்டு வாரங்களுக்கென்று மருத்துவர் எழுதிக் கொடுத்தது, பத்தாண்டுகள் கடந்தும் தொடர்கிறது. பின்பு ஒருநாள் அதன் தீமையைக் கேள்விப்பட்டதும், "இன்றோடு விட்டேன்" என்று டப்பாவையே தூக்கி எறிந்துவிடுகிறோம். நல்லெண்ணத்தோடு செய்யும் இச்செயல் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

வரமாக வந்த மருந்து

டயசெபாம், லோரசெபாம், அல்ப்ரசோலாம், குளோனசெபாம் முதலியன பென்சோடயசெபின் என்னும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியல் அறிஞர் கண்டுபிடித்த இவ்வகையின் முதல் மருந்து, 1960ஆம் ஆண்டு லிப்ரியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1963இல் வேலியம் வந்தது. அதற்கு முன்பு வழங்கிய பார்பிச்சுரேட் மருந்துகள், அளவு மீறினால் எளிதில் உயிரைப் பறித்தன. ஆகவே புதிய மருந்தை உலகமே வரவேற்றது. இன்றும் வலிப்பை நிறுத்தவும், அறுவை சிகிச்சைக்கு முன் அச்சத்தைத் தணிக்கவும் இது அருமருந்தே.

இடர் நீண்ட காலப் பயன்பாட்டில்தான் உள்ளது. 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் இதனைக் கொடுக்கலாகாது என்று 1988இலேயே பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவுறுத்தியது. நெடுநாள் உட்கொள்ளும் முதியோருக்கு நினைவு மங்குகிறது; கால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. மதுவோடும், அபின் வகை வலி மருந்துகளோடும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும்.

திடீரென விட்டால் என்ன நேரும்?

நமது மூளையில் பரபரப்பை அடக்கும் காபா என்னும் இயற்கைப் பொருள் உண்டு. இம்மாத்திரை அதன் ஆற்றலைப் பெருக்குகிறது. நாளடைவில் மூளை இவ்வுதவிக்குப் பழகி, தன் சொந்த அடக்கும் திறனைக் குறைத்துக்கொள்கிறது. அந்நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்துவது, இறக்கத்தில் உருளும் வண்டியின் தடையை விடுவது போன்றதாகும். உறக்கமின்மை, நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லா அச்சம் ஆகியவை தோன்றும். சிலருக்கு வலிப்பும் சித்தப் பிரமையும் உண்டாகும். அவ்வாறு கண்டால் சிறிதும் தாமதியாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

படிப்படியான வழி

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், பேராசிரியை ஹெதர் ஆஷ்டன் என்பவர் 1982 முதல் 1994 வரை இம்மருந்தை விட விரும்பியோருக்கென ஒரு சிகிச்சையகம் நடத்தினார். அவ்வனுபவத்தைக் கொண்டு அவர் எழுதிய கையேடு 1999இல் வெளிவந்து, பல நாட்டினருக்கும் வழிகாட்டியது. மெல்லக் குறைத்தல் வேண்டும்; எவ்வளவு விரைவாகக் குறைப்பது என்பதில் நோயாளியின் சொல்லுக்கே முதலிடம் வேண்டும் என்பன அவரது போதனையின் சாரம்.

2025இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல கூடி வெளியிட்ட நெறிமுறையும் இதையே வலியுறுத்துகிறது. தொடக்கத்தில் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை, 5 முதல் 10 விழுக்காடு மட்டும் குறைப்பதைப் பற்றி எண்ணலாம் என்கிறது அது. சான்றாக, நாள்தோறும் 10 மில்லிகிராம் டயசெபாம் உட்கொள்பவர் முதற்படியில் ஒன்பதரைக்கோ ஒன்பதுக்கோ இறங்குவார். உடல் அதற்குப் பழகிய பின்னரே அடுத்த படி. இவ்வாறு முழுவதும் விடுவதற்குப் பல மாதங்களோ, ஓராண்டுக்கு மேலோ ஆகலாம். அல்ப்ரசோலாம் போல விரைவில் உடலைவிட்டு நீங்கும் மருந்தாயின், மருத்துவர் சிலருக்கு அதனை நெடுநேரம் தங்கும் டயசெபாமாக மாற்றிய பின் குறைப்பதுண்டு.

இக்கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாகாது. வலிப்பு நோய்க்காக இம்மருந்தை உட்கொள்வோர் மருத்துவர் சொல்லாமல் ஒரு துணுக்கும் குறைக்கலாகாது. நம் நாட்டில் அல்ப்ரசோலாம், டயசெபாம் முதலியன 2014 முதல் எச்1 அட்டவணைக்குள் வந்துள்ளன. மருத்துவரின் சீட்டின்றி இவற்றை விற்பது குற்றம். எனவே பழைய சீட்டை நீட்டி வாங்குவதை விடுத்து, மருத்துவரிடமே நேரில் சென்று, "இதைக் குறைக்க விரும்புகிறேன்" என்று கேட்பதே முறை.

குடும்பத்தாரின் கடமை

குறைக்கும் நாட்களில் சில இரவுகள் உறக்கமின்றிக் கழியும். சிறு சொல்லுக்கும் சினம் வரும். அப்போது "இத்தனை ஆண்டாக மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாயே" என்று ஏசுவது, ஆறிவரும் புண்ணைக் கிளறுவதற்கு ஒப்பாகும். மருத்துவர் கொடுத்ததை நம்பி உட்கொண்டவர் குற்றவாளி அல்லர். மாலைக்குப் பின் காப்பியைத் தவிர்த்தல், பகலில் சிறிது நடத்தல், நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்து எழுதல் ஆகியவற்றில் வீட்டார் அனைவரும் துணை நிற்கலாம். ஒரு படியில் துன்பம் மிகுந்தால், மருத்துவரின் சொற்படி அங்கேயே சில வாரங்கள் நிற்பதில் தோல்வி ஏதுமில்லை.

பல்லாண்டுப் பழக்கம் ஓரிரவில் நீங்காது. மாத்திரையை விட முயலும் நம் அன்னைக்கோ தந்தைக்கோ மருத்துவரின் கணக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை நமது பொறுமையும்.